என்ஐஓஎஸ் பத்தாம் வகுப்பு: வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு ஒத்துவருமா?

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பத்தைப் பன்னிரண்டு வயதுவரை யாரும் பெரிதாகத் துளைப்பதில்லை. அதற்குமேல் கல்யாண வீட்டுப் பந்தியில்கூட விடமாட்டார்கள்: "டென்த் எங்கே எழுதப் போறான்?" தமிழ்நாட்டில் இதற்கு மூன்று பதில்கள் உண்டு. மாநிலப் பாடத்திட்டத்தில் தனித்தேர்வராக எழுதலாம். கேம்பிரிட்ஜ் நடத்தும் ஐஜிசிஎஸ்இ என்ற பன்னாட்டுத் தேர்வைத் தனியாக எழுதலாம். இல்லையென்றால் மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், எல்லோரும் சொல்லும் என்ஐஓஎஸ். இங்கே எடைபோடுவது மூன்றாவதை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தேர்வு நடத்திச் சான்றிதழ் தரும் அமைப்பு என்ற அளவில் வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட வளைந்துகொடுப்பது இந்தியாவில் வேறில்லை. பாடம் சொல்லிக்கொடுக்கும் என்று நம்பிச் சேர்ந்தால் ஏமாற்றம்தான். மாதாமாதம் யாரும் கூப்பிட்டு "எதுவரை படித்தாய்" என்று கேட்கப்போவதில்லை. தேதிகளைக் கவனிப்பது, படிவம் நிரப்புவது, பாடம் நடத்துவது எல்லாமே பெற்றோர் வேலை.

1979இல் சிபிஎஸ்இ தொடங்கிய ஒரு திட்டம் 1989இல் தேசியத் திறந்தவெளிப் பள்ளி என்று தனி நிறுவனமானது. 2002இல் இன்றைய பெயருக்கு மாறியது. தலைமையகம் நொய்டாவில், மண்டல மையம் சென்னையில். இது ஏதோ டுடோரியல் சமாச்சாரம் என்ற எண்ணம் நம்மூரில் இன்னும் பரவலாக இருக்கிறது, அது தவறு. சிபிஎஸ்இ போல இதுவும் ஒரு தேசியத் தேர்வு வாரியம். பள்ளியில் தவறியவர்கள் நிறையப் பேர் இதில் எழுதுவதால் வந்த பெயர் அது.

வீட்டில் படிப்பவர்களுக்கு இது ஏன் பொருந்துகிறது? பத்தாம் வகுப்பில் சேர 14 வயது நிறைந்திருந்தால் போதும். எட்டாம் வகுப்புச் சான்று கட்டாயமில்லை. பத்தாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கும் அளவு படித்திருக்கிறேன் என்று தானே எழுதிக்கொடுக்கும் உறுதிமொழியை ஏற்றுக்கொள்கிறார்கள். பள்ளி வாசலையே மிதிக்காத பிள்ளைக்கு இந்த ஒரு வரிதான் கதவைத் திறக்கிறது. மாநிலத் தனித்தேர்வு வழியில் போனால் முதலில் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு (அதற்கு 12½ வயது), பிறகு பத்தாம் வகுப்பு, அதற்கு முன்பதிவு செய்து அறிவியல் செய்முறைப் பயிற்சி வகுப்பு என்று படிகள் கூடுதல். ஐஜிசிஎஸ்இ பாடத்திட்டம் நல்லதுதான். ஆனால் ஒரே ஒரு பாடத்துக்கான தேர்வுக் கட்டணமே இங்கே மொத்தப் பத்தாம் வகுப்புக்கும் ஆகும் செலவைத் தாண்டிவிடும்.

இரண்டாவது வசதி காலம். ஒருமுறை சேர்ந்தால் பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும், அதற்குள் ஒன்பது பொதுத்தேர்வு வாய்ப்புகள். ஐந்து பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. இந்த முறை இரண்டு, அடுத்த முறை மூன்று என்று எழுதலாம். தேறிய பாடம் கணக்கில் நிற்கும். ஐந்தும் சேர்ந்ததும் சான்றிதழ் வரும்.

சேர்க்கை ஆண்டுக்கு இரண்டு சுற்று. ஏப்ரல்-மே தேர்வுக்கானது வழக்கமாக மார்ச் நடுவில் தொடங்கி ஜூலை இறுதியில் முடியும், அதன்பின் சில வாரங்கள் தாமதக் கட்டணத்தோடு நீளும். அக்டோபர்-நவம்பர் தேர்வுக்கானது செப்டம்பர் நடுவிலிருந்து ஜனவரி இறுதிவரை. வயதுக் கணக்கும் இதையொட்டித்தான்: முதல் சுற்றுக்கு ஜூலை 31, இரண்டாவதற்கு ஜனவரி 31. ஆகஸ்டில் பிறந்த பிள்ளையை முதல் சுற்றில் போட்டுவிட்டு, ஏன் நிராகரித்தார்கள் என்று புரியாமல் நிற்பவர்கள் உண்டு. தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் நகரும். விண்ணப்பிக்கும் வாரத்தில் தளத்தில் இருக்கும் அறிவிப்புதான் கடைசி வார்த்தை.

பெயரில் கவனம்

விண்ணப்பத்தில் அதிகம் சொதப்புவது பாடத் தேர்வுகூட இல்லை, பெயர். நம் ஊரில் தலைப்பெழுத்து முன்னால் வரும். ஆதாரில் அது பின்னால் போயிருக்கும். பிறப்புச் சான்றிதழில் பெயர் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகக் குடும்பப் பெயர் ஆகியிருக்கும். இந்தப் பிள்ளைக்குப் பள்ளி ஆவணம் எதுவும் கிடையாது. ஆகவே பத்தாம் வகுப்புச் சான்றிதழ்தான் வாழ்நாள் முழுக்கப் பிறந்த தேதிக்கும் பெயருக்கும் முதல் ஆதாரமாக நிற்கப்போகிறது. பின்னால் ஜேஇஇ, நீட் விண்ணப்பங்களில் ஒரு புள்ளி, ஓர் இடைவெளி மாறினாலும் அலைச்சல்தான்.

எனவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பதிய வேண்டும். பிறகு அதற்கேற்ப ஆதாரைத் திருத்த வேண்டும். பெற்றோர் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். அதன்பிறகுதான் விண்ணப்பம். இந்தத் திருத்தங்களுக்கு மூன்று நான்கு மாதம் ஒதுக்குங்கள். சேர்ந்த பிறகும் திருத்தலாம், ஆனால் அதற்கென்று தனி விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு. சான்றிதழ் அச்சான பிறகு இன்னும் சிரமம்.

கைப்பேசி எண், மின்னஞ்சல் இரண்டும் பெற்றோருடையதாக, ஐந்து வருடம் மாறாததாக இருக்கட்டும். பிரவுசிங் சென்டர்காரர் அவசரத்துக்குத் தன் மின்னஞ்சலைப் போட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் ஓடிபிக்கு அவரைத் தேடிப் போக வேண்டியிருக்கும். விண்ணப்பம் நிறுவனத்தின் அரசுத் தளத்தில் மட்டும்தான். "உறுதியாகப் பாஸ்", "நேரில் வராமலே சான்றிதழ்" என்று விளம்பரம் செய்யும் இடங்களை விட்டு விலகிவிடுங்கள். அவர்கள் வாங்குவது பல மடங்குப் பணம் என்பதைவிட, போலிச் சான்றிதழ் கையில் வரும் ஆபத்துதான் பெரிது. நேரடியாகச் சேர்ந்தால் ஐந்து பாடத்துக்கான சேர்க்கைக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். பெண்களுக்கும் சில பிரிவினருக்கும் அதிலும் சலுகை உண்டு.

பாடம் எடுப்பதில்தான் பாதி வெற்றி

குறைந்தது ஐந்து பாடங்கள் வேண்டும். அதில் ஒன்றாவது மொழிப்பாடம், அதிகபட்சம் இரண்டு மொழி. விரும்பினால் கூடுதலாக இரண்டு, ஆக ஏழு வரை எடுக்கலாம். கணிதமும் அறிவியலும் கட்டாயமில்லை என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். உளவியல், பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல், இந்தியப் பண்பாடும் மரபும், ஓவியம், மனையியல், கர்நாடக இசை, கணினித் தரவுப் பதிவு என்று பட்டியல் நீளும். தமிழும் உண்டு, பாட எண் 237.

இங்கே இரண்டு வகைத் தவறு நடக்கிறது. "எளிதாக முடிக்கலாம்" என்று கணிதத்தையும் அறிவியலையும் விட்டுவிடுவது ஒன்று. பதினான்கு வயதில் பிள்ளைக்கு ஓவியம் மட்டும்தான் பிடித்திருக்கும், பதினேழில் கட்டடக்கலை படிக்க ஆசை வரும். பத்தாம் வகுப்பில் கணிதம் இருந்தாக வேண்டும் என்று கேட்கும் படிப்புகளும் வேலைகளும் இருக்கின்றன. பிள்ளைக்குக் கணக்கில் உண்மையான சிரமம் இருந்தாலொழிய கணிதத்தை விடவேண்டாம் என்பதே எங்கள் கருத்து. மற்றொரு தவறு, பள்ளியில் இருப்பதைப் போலவே தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது. வீட்டில் ஐந்து வருடமாகப் பாட்டு கற்ற பிள்ளை கர்நாடக இசையை ஒரு பாடமாக எடுத்தால் ஏற்கெனவே கைவந்த வித்தைக்கே மதிப்பெண் கிடைக்கும். திறந்தநிலைப் பள்ளியில் சேர்ந்துவிட்டு அந்தச் சலுகையைப் பயன்படுத்தாவிட்டால் எப்படி?

பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒத்துவரும் சேர்க்கை இது: தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், ஐந்தாவதாகப் பிள்ளைக்குப் பிடித்த ஒன்று. தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்தே எடுத்துவிட்டால் பின்னால் மொழி பற்றிய கேள்வி எழாது. ஐந்தாவதில் தயக்கம் இருந்தால் கணினித் தரவுப் பதிவு (எண் 229) நல்ல தேர்வு. அதில் எழுத்துத் தேர்வைவிடச் செய்முறைக்கு மதிப்பெண் அதிகம். சொற்செயலி, விரிதாள், காட்சித்தாள் ஆகியவற்றை வீட்டுக் கணினியிலேயே பழகலாம். தட்டச்சு வேகமும் துல்லியமும் பாடத்தில் உண்டு, ஆகவே தினம் இருபது நிமிடத் தட்டச்சுப் பயிற்சி வீண்போகாது. சமூக அறிவியலை இந்த ஐந்தில் சேர்க்காததற்குக் காரணம் அதன் நீளம். வரலாறு, புவியியல், குடியியல் மூன்றும் ஒரே பாடத்தில். படிக்க வேண்டிய பாடம்தான், தேர்வுக்காக என்றால் சுமை.

பயிற்றுமொழி பற்றி ஓர் எச்சரிக்கை. பத்தாம் வகுப்பைத் தமிழ்வழியிலும் எழுதலாம். ஆனால் விண்ணப்பத்தில் தமிழ் என்று குறிக்கும் முன், நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு பாடத்தின் தமிழ் நூலும் முழுமையாகத் தளத்தில் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். சமச்சீர் நூல்களில் பழகிய கலைச்சொல்லும் இந்த நூல்களில் வருவதும் சில இடங்களில் வேறுபடும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு சொற்பட்டியல் போட்டுக்கொண்டால் தேர்வறையில் திகைப்பு இருக்காது.

நூல்கள் எப்படி?

நூல்கள் எல்லாமே பிடிஎஃப் வடிவில் இலவசம். சேராதவர்களும் இறக்கிப் படிக்கலாம். தானே படிப்பவருக்காக எழுதப்பட்டவை என்பதால் அமைப்பு ஒரே மாதிரி: பாடத்தின் நோக்கம், முன்பே தெரிந்திருக்க வேண்டியவை, விளக்கம், நடுநடுவே தன்சோதனைக் கேள்விகள், பாட இறுதிப் பயிற்சி, விடைகள். விடை அங்கேயே இருப்பது பெரிய உதவி. அதுவே கெடுதலும். விடைப் பக்கத்தைத் தனியாகப் பிரித்தெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கணித நூல் (எண் 211) இவற்றில் சிறந்தது. 26 பாடங்கள். இயற்கணிதம், வணிகக் கணிதம், வடிவியல், அளவியல், முக்கோணவியல், புள்ளியியல் என்று பகுதிகள். தவணை முறையில் பொருள் வாங்குவதற்கென்றே ஒரு முழுப் பாடம் இருக்கிறது: ரொக்க விலை, முன்பணம், மாதத் தவணை கொடுத்தால் கடைக்காரர் உண்மையில் வாங்கும் வட்டி என்ன என்று கணக்கிட வேண்டும். செல்போன் இஎம்ஐ விளம்பரம் ஒன்றை எடுத்து வைத்து இந்தப் பாடத்தை நடத்தினால் பிள்ளை மறக்காது. வடிவியல் பகுதி அடர்த்தியானது. முக்கோணச் சர்வசமம், வடிவொப்புமை, வட்டநாற்கரம், தொடுகோடு என்று பத்துப் பாடங்கள் வரிசையாக வரும். வீட்டில் கணக்கை அன்றாட வாழ்க்கையிலிருந்தே கற்ற பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். காரணம், நிரூபணத்தை வரிவரியாக எழுதும் பழக்கம் இருக்காது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே "ஏன்" என்று எழுதவைத்து இரண்டு மாதம் பழக்குங்கள்.

அறிவியல் நூல் (எண் 212) பரவாயில்லை ரகம். விளக்கம் நேராக இருக்கும், படங்கள் சுமார். உயிரியல் படங்களுக்கு வேறு நூல் ஒன்றைக் கூட வைத்துக்கொள்வது நல்லது.

நூல் முழுவதும் பொதுத்தேர்வுக்கு வராது. ஒவ்வொரு நூலிலும் ஏறத்தாழ 40 விழுக்காடு பாடங்கள் ஒப்படைப்புக்கு (வீட்டில் விடை எழுதிக் கொடுத்து மதிப்பெண் வாங்கும் டிஎம்ஏ) மட்டும், மிச்சம் 60 விழுக்காடு பொதுத்தேர்வுக்கு என்று பிரித்திருக்கிறார்கள். கணிதத்தில் 26 என்றால் தேர்வுக்கு வருவது பதினைந்து பதினாறு பாடங்கள்தான். வாரத்துக்கு ஒரு பாடம் வீதம் நான்கு மாதத்தில் முடித்து, ஒரு மாதம் பழைய வினாத்தாள்களுக்கு ஒதுக்கலாம். இந்தப் பிரிப்புப் பட்டியலை இறக்கி, நூலின் உள்ளடக்கப் பக்கத்தில் இரண்டு நிறத்தில் குறித்துக்கொள்வது முதல் நாள் வேலை. இது தெரியாமல் முழு நூலையும் சமமாகப் படித்து, நேரம் போதாமல் கடைசிப் பாடங்களை விட்டுவிடுவது வழக்கமாக நடக்கிறது. அதற்காக ஒப்படைப்புப் பாடங்களை அடியோடு விட்டுவிடவும் கூடாது. கணிதத்தில் ஒன்றின் மேல் ஒன்று நிற்கும், பதினொன்றாம் வகுப்பு எதையும் விட்டுவைக்காது.

வினாத்தாளில் பாதி மதிப்பெண் அளவுக்குச் சரியான விடையைத் தேர்ந்தெடுத்தல், கோடிட்ட இடம், பொருத்துதல், சரியா தவறா வகைக் கேள்விகள். பாதி, எழுத வேண்டியவை. தேர்ச்சிக்கு 33 விழுக்காடு. எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் அதைத் தனித்தனியாக எடுக்க வேண்டும்.

டிஎம்ஏ: சும்மா கிடைக்கும் இருபது

எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணில் 20 விழுக்காடு இந்த ஒப்படைப்புகளுக்கு. செய்முறை இல்லாத பாடத்தில் 100க்கு 20. கணிதத்தில் எழுத்துப் பகுதி 85, செய்முறை 15. அந்த 85இல் 17 டிஎம்ஏவுக்கு. அறிவியலில் 80, 20. அங்கே 16. ஒப்படைக்காமல் விட்டால் அவ்வளவும் போயிற்று.

பாடத்துக்கு ஆறு கேள்விகள். முதல் மூன்றுக்குத் தலா 2 மதிப்பெண், விடை 40 முதல் 60 சொற்கள். அடுத்த இரண்டுக்குத் தலா 4, விடை 100 முதல் 150 சொற்கள். கடைசியில் 6 மதிப்பெண்ணுக்கு ஒரு செயல்திட்டம். மொத்தம் 20. எல்லாவற்றையும் எழுத வேண்டும், ஒவ்வொன்றிலும் தரப்பட்டவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் ஜொலிக்க வேண்டிய இடம் அந்தச் செயல்திட்டம். அன்றாடம் செய்வதே அதுதானே. ஆனால் தோட்டத்தில் மாதக்கணக்கில் அளவெடுத்த பிள்ளை அதை ஒரு பத்தியில் முடித்துவிடும். அட்டவணை, வரைபடம், முடிவு என்று இரண்டு மூன்று பக்கமாவது வரும்படி எழுதவையுங்கள்.

மதிப்பெண் குறைவதற்கான காரணங்கள் பெரும்பாலும் சில்லறை. போன வருடக் கேள்வித்தாளை இறக்கி எழுதிவிடுவது (கேள்விகள் ஆண்டுதோறும் மாறும், தாளின் தலைப்பில் கல்வியாண்டு இருக்கும்). முதல் பக்கத்தில் பெயர், பதிவெண், படிப்பு மையத்தின் (சேரும்போது தேர்ந்தெடுத்த பள்ளியின்) பெயர், பாட எண் எழுத மறப்பது. ஆங்கிலவழி என்று பதிந்துவிட்டுத் தமிழில் எழுதுவது. கைப்பேசியில் மங்கலாகப் படமெடுத்துப் பதிவேற்றுவது. எழுதிய தாளை மையத்தில் கொடுப்பதா, இணையத்தில் ஏற்றுவதா என்பதை அந்தந்தத் தேர்வுக்கான அறிவிப்பு சொல்லும். பொதுவாக ஏப்ரல் தேர்வுக்கு ஜனவரி இறுதிக்குள், அக்டோபர் தேர்வுக்கு ஜூலை இறுதிக்குள் முடிக்கத் திட்டமிடுங்கள். நேரில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வரவேண்டாம். நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். விடை எழுதிய டிஎம்ஏ பிடிஎஃப்களை விற்கும் கூட்டம் ஒன்று இணையத்தில் இருக்கிறது. ஒரே மையத்தில் பத்துப் பேர் அதே விடையைக் கொடுத்தால் திருத்துபவருக்குத் தெரியாதா?

செய்முறை: முன்கூட்டியே கேட்காதவர்கள் மாட்டும் இடம்

சேரும்போதே ஒரு படிப்பு மையத்தைத் தேர்வு செய்ய வேண்டும். பெரும்பாலும் அது ஒரு பள்ளி. விடுமுறை நாட்களில் தொடர்பு வகுப்புகள் நடக்கும் என்பது ஏற்பாடு. தரம் மையத்துக்கு மையம் மாறும். பாடம் கற்க அதை நம்பாதீர்கள், ஆய்வகத்துக்காகத் தேர்ந்தெடுங்கள். விண்ணப்பத்துக்கு முன்பே நேரில் போய், நீங்கள் எடுக்கும் செய்முறைப் பாடங்களை அந்த மையம் நடத்துகிறதா, ஆய்வக வகுப்பு எப்போது என்று கேட்டுவிடுங்கள். வீட்டுக்குப் பக்கம் என்பதற்காக மட்டும் ஒரு மையத்தை எடுத்துவிட்டு, அங்கே இசைக்கோ ஓவியத்துக்கோ ஆளில்லை என்று பின்னால் தெரிந்தால் மாற்றுவது தலைவலி.

செய்முறைத் தேர்வு எழுத்துத் தேர்வுக்கு முன்பே நடந்துவிடும். நுழைவுச்சீட்டு தனி, தேதிகளும் தனி. ஏப்ரல் என்று நினைத்துக்கொண்டு மார்ச்சில் நடந்த செய்முறையைத் தவறவிட்டால் அந்தப் பாடத்தின் செய்முறைக்கு அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும். பதிவேடு (ரெக்கார்டு நோட்டு) முழுமையாக எழுதியிருக்க வேண்டும்.

அறிவியல் செய்முறையில் பலவற்றை வீட்டிலேயே பழகிக்கொண்டு போகலாம். பிஎச் தாள், லிட்மஸ், 100 மில்லி அளவுகுவளை, சுருள்வில் தராசு, குவிலென்ஸ், கண்ணாடித் தகடுகள், அயோடின் கரைசல், சாஃப்ரனின் சாயம் ஆகியவை ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். நுண்ணோக்கியில் பார்க்க வெங்காயத்தோல் தகடு தயாரிப்பதில் கை நடுங்கும் பிள்ளைகள் அதிகம். உள் இதழின் குழிந்த பக்கத்திலிருந்து 5 மில்லிமீட்டர் அளவில் தோலை உரிக்க வேண்டும். உடனே தண்ணீரில் போடாவிட்டால் காய்ந்து சுருண்டுவிடும். ஒரு சொட்டுச் சாயம், ஒரு நிமிடம், பிறகு கழுவி ஒரு சொட்டு கிளிசரின். மூடுவில்லையை நேராகப் போட்டால் காற்றுக்குமிழி மாட்டிக்கொள்ளும். ஒரு விளிம்பை வைத்து, சாய்வாக, ஊசியால் தாங்கி மெல்ல இறக்க வேண்டும். குமிழியைச் செல் என்று வரைந்துவிட்டு வருபவர்கள் ஒவ்வொரு முறையும் உண்டு. குமிழிக்குக் கறுத்த தடித்த விளிம்பு இருக்கும், செல்லுக்கு மெல்லிய சுவரும் உள்ளே சாயமேறிய உட்கருவும்.

ஓம் விதிச் சோதனையில் அளவுகள் கோட்டில் விழாமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், மின்சுற்றின் சாவியை (சுவிட்சை) மூடியபடியே விட்டுவிடுவது. மின்னோட்டம் தொடர்ந்து ஓடினால் கம்பி சூடாகி மின்தடை கூடும். அளவெடுக்கும் நொடிகளில் மட்டும் சுற்றை மூடி, உடனே திறக்கப் பழக்குங்கள். அம்மீட்டர் தொடராகவும் வோல்ட்மீட்டர் இணையாகவும் இருக்க வேண்டும் என்பதை வாய்மொழிக் கேள்வியில் நிச்சயம் கேட்பார்கள். ஏன் என்பதற்கும் விடை தயாராக இருக்கட்டும்.

எதை எப்போது எழுதுவது

தேர்வறையையே பார்த்திராத பிள்ளை ஐந்து பாடத்தையும் ஒரே ஏப்ரலில் எழுதுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். முதல் சுற்றில் தமிழும் தரவுப் பதிவும் போதும். அக்டோபரில் ஆங்கிலம், கணிதம். அடுத்த ஏப்ரலில் அறிவியல். கடைசியாக வைப்பதற்குக் காரணம் செய்முறைக்குக் கிடைக்கும் கூடுதல் மாதங்கள். அவசரமில்லாத குடும்பத்துக்கு இது ஒன்றரை ஆண்டுத் திட்டம். பிள்ளை வேகமானது என்றால் ஒரே ஆண்டில் முடிக்கலாம்.

எழுத்து வேகத்தை மறந்துவிடாதீர்கள். மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதுவது உடம்புக்கான பழக்கம். நாற்பது நிமிடத்தில் தொடங்கி வாரம் கால்மணி நேரம் கூட்டிக்கொண்டே போனால் பத்து வாரத்தில் மூன்று மணி நேரம் வந்துவிடும். பழைய வினாத்தாள்களும் மாதிரித் தாள்களும் தளத்தில் இலவசம்.

இன்னொன்று. சேர்க்கைக் கட்டணம் கட்டிவிட்டால் தேர்வுக்கும் கட்டியாயிற்று என்று நினைக்கக் கூடாது. ஒவ்வொரு தேர்வுக்கும் எந்தெந்தப் பாடம் எழுதுகிறோம் என்று தனியாகப் பதிந்து, பாடத்துக்குச் சில நூறு ரூபாய் வீதம் கட்ட வேண்டும். அந்தச் சாளரம் தேர்வுக்குச் சில மாதம் முன்பே திறந்து மூடிவிடும். யாரும் போன் செய்து நினைவூட்டமாட்டார்கள்.

பொதுத்தேர்வுக்காகக் காத்திருக்க முடியாதவர்களுக்கு, தகுதி விதிகளுக்கு உட்பட்டு, ஆன் டிமாண்ட் (கேட்கும்போது எழுதும்) தேர்வு உண்டு. கணினி ஒரு வினாவங்கியிலிருந்து ஒவ்வொருவருக்கும் தனித் தாள் தயாரிக்கும். ஒரு பாடம் மட்டும் மிச்சமிருக்கும் பிள்ளைக்கு நல்ல வழி, முதல் தேர்வாக வேண்டாம். கற்றல் குறைபாடோ மாற்றுத்திறனோ உள்ள பிள்ளைகளுக்கு எழுத்தர் உதவியும் கூடுதல் நேரமும் கிடைக்கும். மருத்துவச் சான்றைச் சேர்க்கையின்போதே இணைத்து, தேர்வுக்கு முன்பே அனுமதி வாங்கிவிட வேண்டும். இந்த விஷயத்தில் என்ஐஓஎஸ் காட்டும் இணக்கம் பாராட்டத் தக்கது.

சான்றிதழ் வந்தபின்

மதிப்பெண் பட்டியலோடு இடப்பெயர்வு மற்றும் மாற்றுச் சான்றிதழ் ஒன்றும் சேர்ந்தே வரும். பள்ளியிலோ கல்லூரியிலோ "டிசி எங்கே?" என்று கேட்டால் கொடுக்க வேண்டியது இதைத்தான். பள்ளியே போகாத பிள்ளைக்கு டிசி எப்படி என்று குழம்ப வேண்டியதில்லை. டிஜிலாக்கரிலும் மதிப்பெண் பட்டியலை எடுக்கலாம். பதினொன்றாம் வகுப்புக்கு வழக்கமான பள்ளிக்கு மாற்ற எண்ணினால், முடிவு வருவதற்கு முன்பே அந்தப் பள்ளியில் பேசிவையுங்கள். அக்டோபர் தேர்வு எழுதியவர்களுக்கு முடிவும் பள்ளிச் சேர்க்கைக் காலமும் ஒத்துப்போகாது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பையும் இங்கேயே தொடர்ந்தால், பத்தாவது தேறியதற்கும் பன்னிரண்டாவது சான்றிதழுக்கும் இடையே இரண்டு ஆண்டு இடைவெளி இருக்க வேண்டும். ஓராண்டு முடிந்ததும் நான்கு பாடம் வரை எழுதலாம், ஐந்தாவது அதற்குப் பிறகுதான். ஒன்றரை ஆண்டுத் திட்டத்தில் பத்தாவதை முடிப்பவர்கள் இந்த இடைவெளியையும் சேர்த்து, கல்லூரி சேரும் ஆண்டைப் பின்னாலிருந்து எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜேஇஇ மெயின் எழுத என்ஐஓஎஸ் பன்னிரண்டாம் வகுப்பில் குறைந்தது ஐந்து பாடங்கள் வேண்டும். நீட் தேர்வில் திறந்தநிலைப் பள்ளி மாணவர்களுக்கு இருந்த தடை நீதிமன்றம்வரை போய், 2024இல் ஐயம் நீங்கியது. உயிரியல், வேதியியல், இயற்பியல் மூன்றிலும் பன்னிரண்டாம் வகுப்பில் செய்முறை உண்டு என்பதால், மையத்தின் ஆய்வகத்தைப் போய்ப் பார்க்கும் வேலை அங்கே இன்னொரு முறை வரும்.